முள்ளுக்கம்பிக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்

அமெரிக்க அரசியல்வாதி ஒருவரைப் பற்றி எழுதப்போறன் என்றவுடன் பக்கத்தை மூடிப்போட்டுப் போயிடாதேங்கோ. இது தேர்தல் கதை இல்லை. எல்லைக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் வளர்ந்த பெடியன் ஒருவனின் கதை. போகப்போக அது விசாக் கதையாக மாறும். விசாக் கதையை எங்கட சனத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவருடைய பெயர் ஜிம் கோல்பி. 1985 தொடக்கம் 2007 ஜனவரி வரை அரிசோனா மாநிலத்தின் தென்கிழக்கு மூலையிலிருந்து அமெரிக்கக் கொங்கிரசுக்குப் போனவர். குடியரசுக் கட்சிக்காரர். தற்பாலினர். (எங்கட பத்திரிகைகள் வழக்கமாக எழுதுகிற மற்றச் சொல்லை நான் பாவிப்பதில்லை. ஒரு மனிசனின் முழுச் சீவியத்தையும் படுக்கையறைக்குள் போட்டுப் பூட்டிவிடுகிற சொல் அது.) 1996 இல் ஒரே பாலினர் செய்யும் திருமணத்தை மத்திய அரசு ஏற்கக்கூடாது என்ற சட்டத்துக்கு இவர் கை உயர்த்தினார். 2013 இல் அதே சட்டம் தன்னுடைய துணைவரைத் தன்னிடமிருந்து பிரித்து வைத்திருந்தது என்று செனற் குழுவுக்கு முன்னால் இருந்து சாட்சியம் சொன்னார். இந்த 17 வருட இடைவெளிதான் என்னை இந்த மனிசனில் பிடித்து வைத்தது.

முதலில் ஊரைச் சொல்லவேணும். ஊரைத் தெரியாமல் ஆளை விளங்காது.

கோல்பி 1942 இல் இலினோய் மாநிலத்தில் பிறந்தார். ஐந்து வயதில் குடும்பம் அரிசோனாவில் பற்றகோனியா என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் 'ரெயில் எக்ஸ்' என்ற பண்ணைக்குப் போனது. மெக்சிக்கோ எல்லையில் இருக்கிற நொகாலெஸ் நகரத்துக்கு அங்கேயிருந்து 20 மைல்தான் வரும். அரிசோனா என்றால் மணலும் கள்ளியும் என்றுதான் நாங்கள் நினைக்கிறது. இந்தப் பக்கம் அப்படியில்லை. கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேலே, இடுப்பளவு புல்லு வளருகிற வெளி. ஆடி ஆவணியில் மழை வரும். அந்த மழையை அவர்களும் 'மொன்சூன்' என்றுதான் சொல்லுகிறார்கள்.

அந்த நிலம் அமெரிக்காவாக ஆனதே ஒரு காசுக் கணக்கில்தான். 1853 இல் மெக்சிக்கோவோடு ஒப்பந்தம் எழுதி, ஒரு கோடி டொலருக்கு, ஹிலா ஆற்றுக்குத் தெற்கே இருந்த நிலத்தை வாங்கினார்கள். அங்கே இருந்த சனம் எங்கேயும் போகவில்லை. நாடு அவர்களுடைய தலைக்கு மேலால் மாறிப்போனது. சான்ரா குறூஸ் என்று ஒரு ஆறு, பற்றகோனியாவுக்குத் தெற்கே இருக்கிற சான் ரஃபாயெல் பள்ளத்தாக்கில் தொடங்கி, தெற்கே மெக்சிக்கோவுக்குள் போய், அங்கே ஒரு வளைவு வளைந்து, நொகாலெசுக்குக் கிழக்கால் திரும்பவும் அரிசோனாவுக்குள் வருகிறது. பாஸ்போட் இல்லாமல் இரண்டு தரம் எல்லை தாண்டுகிற ஆறு! நொகாலெசும் ஒரே பெயரில் இரண்டு நாட்டிலும் கிடக்கிற ஒரு ஊர். 1918 ஆவணியில் அங்கே இரண்டு பக்கமும் சுடுபட்டுச் செத்த பிறகுதான் நடுவில் நிரந்தரமாக வேலி வந்தது. அந்த வேலி இன்றைக்கு எவ்வளவு உயரத்துக்கு வந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

கோல்பி வளர்ந்த 1940, 50களில் பண்ணைகளின் ஓரத்தில் இருந்தது மாடு தாண்டாமல் கட்டுகிற முள்ளுக்கம்பி. மனிசர் அங்கால் இங்கால் வேலைக்குப் போய் வந்தார்கள். இதைப் பார்த்து வளர்ந்த ஒருவர் பிறகு கொங்கிரசில் குடியேற்றம் பற்றி என்ன கதைத்தார் என்பதற்கு இந்த முள்ளுக்கம்பிதான் தொடக்கம் என்பது என்னுடைய எண்ணம்.

பண்ணை வாழ்க்கை பற்றி எனக்குக் கொஞ்சம் கதைக்க உரிமை இருக்கிறது. அம்மம்மாவின் பக்கம் வன்னியில் பட்டி வைத்திருந்த ஆட்கள். குறிசுடுகிற நாளில் கருகின மயிர் மணத்தோடு நாங்கள் நிற்போம். அமெரிக்கப் பண்ணைகளிலும் குறிதான் எல்லாம். பண்ணையின் பெயரே பல இடங்களில் மாட்டில் சுடுகிற குறிதான். பட்டியில் வளருகிற ஆம்பிளைப் பிள்ளைக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது: கன்றைப் பிடித்து விழுத்தத் தெரியுமோ, பயப்படாமல் நிற்பானோ, அழாமல் இருப்பானோ. எங்கட பட்டியில் இருந்த அளவுகோலும் அரிசோனாவில் இருந்த அளவுகோலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று நினைக்கிறேன். அந்த அளவுகோலுக்குள் அடங்காத ஒன்று தனக்குள் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை என்ன செய்யும்? வாயைத் திறக்காது. வேலையில் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரனாக இருக்கப் பார்க்கும்.

இங்கே ஒரு பக்கக்கதை. 1954 இல் அதே சான் ரஃபாயெல் பள்ளத்தாக்கில் ஹொலிவூட்காரர் வந்து இறங்கினார்கள். 'ஒக்லஹோமா!' என்ற பாட்டுப் படம் எடுக்க. உண்மையான ஒக்லஹோமாவில் அப்போது எண்ணெய்க் கிணறுகள் நிறைந்துபோனதால் பழைய காலத்து மேய்ச்சல் வெளி தேடி அரிசோனாவுக்கு வந்தார்கள். படத்துக்கென்றே அங்கே சோளம் நட்டு வளர்த்தார்கள். மாட்டுக்காரப் பெடியன்கள் என்றாலே அமெரிக்கர்களுக்கு ஞாபகம் வருகிற படங்களில் ஒன்று அது. அந்தக் கதையை, 1931 இல் மேடையேறிய நாடகமாக, முதலில் எழுதியவர் லின் றிக்ஸ். செரோக்கி இரத்தம் கலந்தவர், மாடு வளர்த்த குடும்பத்துப் பிள்ளை, தற்பாலினர். தன்னைப் பற்றி வெளியில் சொல்லாமலே வாழ்ந்து, படப்பிடிப்பு நடந்த அதே 1954 இல் இறந்துபோனார். 12 வயதுக் கோல்பியின் வீட்டுக்குப் பக்கத்தில், இன்னொரு பண்ணைப் பிள்ளையின் கதை கமராவுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதை எழுதியவர் யாரென்று அந்த ஊரில் ஒருவருக்காவது தெரிந்திருக்குமோ?

கோல்பியைப் பண்ணையிலிருந்து வெளியே கொண்டுபோனது அரசியல். 1958 இல் வாஷிங்டனில் செனற் சபைக்குப் 'பேஜ்' ஆகப் போனார். பேஜ் என்றால் செனற்றர்களுக்குக் கடதாசி கொண்டு ஓடுகிற, தண்ணீர் வைக்கிற, செய்தி சொல்லப் போகிற பள்ளிக்கூடப் பெடியன்கள். விடியக்காலையில் கொங்கிரஸ் நூலகத்து மேல்மாடியில் பாடம், பிறகு முழு நாளும் சபையில் ஓட்டம். அவரை எடுத்தவர் அரிசோனா செனற்றர் பரி கோல்ட்வோற்றர், 1964 இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றவர். 1960 இல் அந்தப் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வரும்போது கோல்பிக்கு வழி தெரிந்துவிட்டது. எங்கட வயதுப் பெடியன்களுக்குச் சில பேருக்கு மேடை, சில பேருக்கு இயக்கம், சில பேருக்குப் புத்தகம் என்று பிடித்ததுபோல, அவரை அந்தச் சபை பிடித்துக்கொண்டது.

ஆனால் அவர் நேசித்த அந்தக் கட்டிடம் எப்படிப்பட்டது என்பதையும் பார்க்கவேணும். 1953 சித்திரையில் ஜனாதிபதி ஐசன்ஹோவர் போட்ட ஆணை ஒன்றினால் தற்பாலினர் மத்திய அரசு வேலைக்குத் தகுதியில்லாதவர் ஆனார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். 1954 ஆனி 19, வயோமிங் மாநிலத்து செனற்றர் லெஸ்ரர் ஹண்ட், செனற் கட்டிடத்தில் தன்னுடைய அலுவலகத்திலேயே துவக்கால் சுட்டுச் செத்தார். காரணம், அவருடைய மகன் முந்தின வருடம் ஒரு பூங்காவில் மாறுவேடப் பொலிசிடம் அகப்பட்டிருந்தான். அதை வைத்து, "தேர்தலில் நிற்காதே, இல்லாவிட்டால் ஊருக்கெல்லாம் சொல்லுவோம்" என்ற மாதிரி எதிர்க்கட்சிச் செனற்றர்கள் தகப்பனை மிரட்டினார்கள். தகப்பனுக்கு! கோல்பி அந்தச் சபைக்குள் காலடி வைத்தது அதற்கு நாலு வருடங்களுக்குப் பிறகு.

குடிவரவுச் சட்டமும் அப்படித்தான். 1952 சட்டத்தில் இருந்த வார்த்தைகளை வைத்துத் தற்பாலினரை நாட்டுக்குள் விடாமல் தடுத்தார்கள். 1965 இல் அதை இன்னும் வெளிப்படையாக எழுதினார்கள். கிளைவ் புட்டிலியே என்ற கனடாக்காரர் இதை எதிர்த்து வழக்காடி, 1967 இல் உச்ச நீதிமன்றத்தில் 6க்கு 3 என்று தோற்று, கனடாவுக்கே திருப்பி அனுப்பப்பட்டார். அந்தத் தடை 1990 இல்தான் சட்டப் புத்தகத்தை விட்டுப் போனது. 1983 இற்குப் பிறகு நாங்கள் அகதி மனுக்கள் நிரப்பிக்கொண்டு திரிந்த காலத்தில், 'வரக்கூடாத ஆட்கள்' பட்டியலில் இன்னொரு கூட்டமும் இருந்திருக்கிறது. எனக்கு அப்போது அது தெரியாது. வரிசையில் நிற்கிறவனுக்கு முன்னால் நிற்கிறவனின் முதுகுதான் தெரியும்.

கோல்பியின் அடுத்த வருடங்களை ஓட்டமாகச் சொல்லிவிடலாம். பல்கலைக்கழகம், வியட்நாமில் கடற்படை, 1977 இல் அரிசோனா மாநில செனற், அதே வருடம் ஒரு பெண்ணோடு கலியாணம், 1982 இல் கொங்கிரஸ் தேர்தலில் தோல்வி, 1984 இல் வெற்றி. கலியாணம் 1992 இல் முறிந்தது. பொருளாதாரத்தில் கெட்டி. அமெரிக்கா, கனடா, மெக்சிக்கோ வர்த்தக ஒப்பந்தத்துக்காக முன்னுக்கு நின்று கதைத்தவர். ஒரு சதக் குற்றியை ஒழிக்கவேணும் என்று வருடக்கணக்காகப் பாடுபட்டுக் கடைசி வரை சரிவரவில்லை. நாங்கள் இங்கே கனடாவில் 2013 மாசியிலிருந்து அந்தச் சதத்தை விட்டுவிட்டோம். ஸ்காபரோ கடைக்காரருக்குக் கூடக் கவலையில்லை.

இப்போது 1996. ஆடி 12 அன்று 'திருமணப் பாதுகாப்புச் சட்டம்' கீழ்ச் சபைக்கு வந்தது. 342க்கு 67. கோல்பி ஆதரித்து வாக்களித்தார். குடியரசுக் கட்சியிலிருந்து எதிர்த்து வாக்களித்தது ஒரே ஒரு ஆள், விஸ்கொன்சின் மாநிலத்து ஸ்ரீவ் கண்டர்சன். அவரும் தற்பாலினர். 1994 இல் சபையிலேயே இன்னொரு உறுப்பினர் எழும்பி அவரைக் காட்டிக்கொடுத்ததால் மறைக்க ஒன்றும் மிச்சம் இல்லாதவர். ஒரே கட்சி, ஒரே சபை, ஒரே விதமான இரண்டு பேர். ஒருவர் வெளிச்சத்தில் நின்று எதிர்த்தார், மற்றவர் இருட்டில் நின்று ஆதரித்தார்.

இருட்டு அதிக நாள் நிற்கவில்லை. அந்த வாக்கைப் பார்த்துக் கொதித்த தற்பாலின உரிமைக்காரர்கள், 'தி அட்வகேற்' சஞ்சிகை கோல்பியின் விசயத்தை எழுத ஆயத்தமாவதை அறியும்படி செய்தார்கள். சஞ்சிகை வர முன்னம், ஆவணித் தொடக்கத்தில், கோல்பி தானே சொல்லிவிட்டார். தன்னுடைய வாக்குக்கு அவர் தந்த விளக்கம்: திருமணம் என்றால் என்ன என்பதை அந்தந்த மாநிலம் தீர்மானிக்கவேணும், ஒரு மாநிலத்தின் முடிவை இன்னொன்றின் மேல் திணிக்கக்கூடாது.

இந்த விளக்கத்தை நான் பல தரம் யோசித்துப் பார்த்தேன். அரைவாசிதான் நிற்கிறது. அந்தச் சட்டத்தில் இரண்டு முக்கியமான பகுதிகள். ஒரு மாநிலம் மற்ற மாநிலத்தின் ஒரே பாலினத் திருமணத்தை ஏற்கத் தேவையில்லை என்பது ஒன்று. அதற்கு அவருடைய விளக்கம் பொருந்தும். மற்றப் பகுதி, எந்த மாநிலம் திருமணத்தைப் பதிந்தாலும் மத்திய அரசுக்கு அது திருமணமே இல்லை என்றது. வரி, ஓய்வூதியம், விசா எல்லாம் மத்திய அரசின் கையில். மாநிலமே தீர்மானிக்கட்டும் என்று உண்மையிலேயே நம்புகிறவர் இந்த இரண்டாம் பகுதிக்கு எப்படிக் கை உயர்த்த முடியும்? பட்டியில் நிற்கிற பிள்ளை, மற்றவர்கள் சந்தேகப்படக்கூடாது என்பதற்காக இரும்பைக் கொஞ்சம் கூட நேரம் அழுத்திப் பிடிக்கும். எனக்கு அப்படித்தான் படுகிறது. விளங்குகிறது, ஆனால் மன்னிக்கிற விசயம் என்று சொல்ல மாட்டேன். அந்த வாக்கினால் அடிபட்டது அவர் மட்டும் இல்லை.

ஊர்ச்சனம் அவரைக் கைவிடவில்லை என்பது ஆச்சரியம். பண்ணைக்காரரும் இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களும் நிறைந்த தொகுதி அந்த வருடமே அவரைத் திரும்பவும் தெரிவு செய்தது. பிறகும் நாலு தரம் தெரிவு செய்தது, 2004 வரைக்கும். அந்த நாட்களில் அவருடைய சொந்த மாநிலத்துச் சட்டப் புத்தகத்தில் தற்பாலின உறவு குற்றம். 2001 இல்தான் அதை எடுத்தார்கள். கட்சிக்குள் நிலைமை வேறு. 2000 ஆம் ஆண்டு பிலடெல்பியா மாநாட்டில் அவர் மேடையில் ஏறி வர்த்தகம் பற்றிச் சில நிமிடம் கதைத்தார். தன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. அப்படியிருந்தும் ரெக்சாஸ் பிரதிநிதிகள் சிலர் தங்கட கவ்போய்த் தொப்பிகளைக் கழற்றி, தலையைக் குனிந்து செபம் செய்தார்கள், எதிர்ப்புக் காட்ட. மேடையில் நின்றவர் உண்மையான மாட்டுப் பண்ணைப் பிள்ளை. கீழே தொப்பி போட்டிருந்தவர்களில் எத்தனை பேர் கன்றுக்குக் குறி சுட்டிருப்பார்களோ தெரியாது.

2001 இலிருந்து ஆறு வருடம், வெளிநாட்டு உதவிக்குக் காசு ஒதுக்குகிற துணைக்குழுவுக்குத் தலைவராக இருந்தார். உலகத்து அகதிகளுக்கு அமெரிக்கா கொடுக்கிற காசும், ஆபிரிக்காவில் எயிட்ஸ் மருந்துக்குப் போன காசும் அந்தக் குழுவின் மேசைக்கு மேலால்தான் போனது. முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்த சனத்துக்கு அந்த மேசையின் பெயர் தெரிந்திருக்காது. 2003 இல் மெக்சிக்கோ வேலையாட்கள் சட்டப்படி வந்து போக வழி செய்கிற மசோதாவை மக்கெய்னோடும் ஃபிளேக்கோடும் சேர்ந்து கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. 2004 உட்கட்சித் தேர்தலில் அவருக்கு எதிராக நின்றவர் பிடித்துக்கொண்டதும் இந்த எல்லை விசயத்தைத்தான். கோல்பி வென்றார், ஆனால் கட்சி எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிட்டது. தற்பாலினர் என்று அறிந்தும் வாக்குப் போட்டவர்கள், எல்லையைப் பற்றி இரக்கமாகக் கதைத்ததற்காக விலகிப் போனார்கள். அதே 2004 இல் ஒரே பாலினத் திருமணத்தை அரசியலமைப்பிலேயே தடுக்கிற திருத்தம் வந்தபோது, கோல்பி இந்த முறை எதிர்த்து வாக்களித்தார்.

பதவியை விட்ட பிறகுதான் சட்டம் வீட்டுக் கதவைத் தட்டியது. அவருடைய துணைவர் பனாமாக்காரர், பெரிய புலமைப்பரிசில் ஒன்றில் அமெரிக்காவுக்குப் படிக்க வந்து, விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குப் படிப்பித்த ஆசிரியர். வேலை அனுமதி முடிந்ததும் அவர் நாட்டை விட்டுப் போகவேண்டி வந்தது. ஆணும் பெண்ணும் என்றால் கலியாணம் முடித்து ஒரு மனு போட்டிருப்பார்கள். இவர்களுக்கு அந்த மனுவே இல்லை. ஏறக்குறைய ஒரு வருடப் பிரிவு, சட்டத்தரணிகளுக்குக் கட்டின காசு, கடைசியில் முதலீட்டாளர் விசாவில் சுற்றி வளைத்துத் திரும்பி வருகை. 22 வருடம் கொங்கிரசில் இருந்தவருக்கே இந்த நிலை என்றால் மற்றவர்கள்? 2013 சித்திரையில் செனற் நீதிக் குழுவில் கோல்பி இதைத்தான் சொன்னார். 55 வருடத்துக்கு முன்னால் தண்ணீர்க் குவளை தூக்கின அதே செனற்றில், இப்போது மனு கொண்டுவந்த ஆளாக.

அந்தச் சாட்சியத்தை வாசித்தபோது எனக்கு வேறு ஒரு இடம் ஞாபகம் வந்தது. நான் இங்கே வந்து ஸ்பொன்சர் பண்ணிய பிறகு மனிசி கொழும்பில் ஒரு லொட்ஜில் இரண்டரை வருடம் இருந்தவ. ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் காட்டைச் சுரண்டி நம்பர் அடித்து, 'இன்னும் கடிதம் வரேல்லை' என்று கேட்கிறதுதான் அந்த வருடங்களில் எங்கட குடும்ப வாழ்க்கை. ஆனால் எங்களிடம் ஒன்று இருந்தது: 'கணவன், மனைவி' என்று அச்சடித்த ஒரு கட்டம், அதில் ஒரு புள்ளடி போடலாம். எவ்வளவு தாமதமானாலும் அந்தக் கட்டத்துக்குள் நாங்கள் இருந்தோம். கனடா 2002 இல் குடிவரவுச் சட்டத்தை மாற்றித் தற்பாலினத் துணைகளையும் உள்ளே எடுத்தது, 2005 இல் திருமணத்தையும் சட்டமாக்கியது. அமெரிக்காவில் கட்டம் இல்லாதவர்கள் நாட்டை விட்டுப் போனார்கள், அல்லது பொய்க் கலியாணம் முடித்தார்கள், அல்லது பிரிந்தார்கள்.

'இதெல்லாம் வெள்ளைக்காரற்ற பிரச்சினை' என்று இதை வாசிக்கிற சிலர் சொல்லுவினம். இலங்கையின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் 365, 365அ என்ற பிரிவுகள் இருக்கின்றன. எங்கட பெடியன்கள், பெட்டையள் சிலர் போருக்காக மட்டும் ஓடி வரவில்லை. இரண்டு காரணத்துக்காக ஓடி வந்து, ஒரு காரணத்தை மட்டும் சொல்லிவிட்டு, மற்றதைச் சொந்தச் சகோதரத்திடமும் சொல்லாமல் இங்கே கோயில் திருவிழாவுக்கு எங்களோடு நின்று தேர் இழுக்கிறார்கள். 'எப்ப கலியாணம்?' என்று நாங்கள் கேட்கிறோம். அவர்கள் சிரிக்கிறார்கள்.

கோல்பியும் அவருடைய துணைவரும் 2013 வைகாசியில் வாஷிங்டனில் திருமணம் முடித்தார்கள். அடுத்த மாதம், ஆனி 26, உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று அந்தச் சட்டத்தின் இரண்டாம் பகுதியைத்தான் வெட்டி எறிந்தது, மத்திய அரசு ஏற்காது என்ற பகுதியை. சில நாட்களுக்குள்ளேயே குடிவரவுத் திணைக்களம் தற்பாலினத் தம்பதிகளின் மனுக்களுக்கு அனுமதி கொடுக்கத் தொடங்கியது. 2020 இல் கோல்பி பைடனை ஆதரித்தார். அதற்கு முன்னமே கட்சியை விட்டு விலகியிருந்தார்.

2022 மார்கழி 3 ஆம் திகதி, 80 வயதில், கோல்பி காலமானார். அவர் 1996 இல் வாக்களித்த சட்டம் அப்போதும் சட்டப் புத்தகத்தில் கிடந்தது, பல்லுப் பிடுங்கின பாம்பு மாதிரி. அதை முழுவதுமாக நீக்குகிற சட்டம் அந்த வாரங்களில்தான் கொங்கிரசில் ஓடிக்கொண்டிருந்தது. மார்கழி 8 அன்று கீழ்ச் சபை 258க்கு 169 என்று நிறைவேற்றியது. குடியரசுக் கட்சியிலிருந்து இந்த முறை 39 பேர் ஆதரித்தார்கள். மார்கழி 13 அன்று ஜனாதிபதி கையெழுத்து வைத்தார். அவர் கண்ணை மூடிப் பத்தாம் நாள்.